நவராத்திரி மண்டபமும் வானொலி நிலையமும்: நாஞ்சில் நாட்டு இசைக்கேள்வியின் வரலாறு

கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கலைஞரைப் பற்றி எழுதுவர். அடுத்து, அவரைப் புரந்த மன்னரையும் வள்ளலையும் பற்றி எழுதுவர். கேட்டவரைப் பற்றி எழுதுவது அரிது. ஆயினும் கேட்பார் இல்லாத இடத்தில் இசை நிலைப்பதில்லை. வள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கருதியது அறிவுரையைக் கேட்டல் எனினும், செவியால் பெறுவதைச் செல்வமாக எண்ணிய அம்மரபு இசைக்கும் பொருந்துவதே. பத்மநாபபுரத்தில் பிறந்த ஓர் இசை மரபு அவ்வூரை விட்டுச் சென்ற விதத்தையும், நூறாண்டுகளுக்குப் பின் அது வானொலி வழியாக அவ்வூர் மக்களின் செவிக்குத் திரும்பிய விதத்தையும், அதனைத் திருப்பித் தந்த நிலையங்கள் நடந்த முறைக்கு நேயர்கள் செய்த கைம்மாற்றையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்டபத்தின் மரபு

கல்குளம் எனப் பழம்பெயர் கொண்ட பத்மநாபபுரம், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது. அங்குள்ள அரண்மனையின் நவராத்திரி மண்டபம் கல்லால் ஆனது. சிற்பத் தூண்களும், முகம் தெரியுமளவு மெருகேற்றிய கருந்தரையும், அரச குலப் பெண்டிர் மறைவிலிருந்து காண அமைத்த சாளரமும் கொண்டது. ஒன்பது இரவும் கலைமகள் திருமுன் ஆடலும் பாடலும் நிகழ்ந்த இடம் அது. அத்திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது அவ்வூர் மரபு. கம்பரின் கலைமகள் நாஞ்சில் நாட்டில் இசை கேட்டு வீற்றிருந்தாள் என்னும் அந்நம்பிக்கை தமிழ்ப் புலவர்க்கு இனியது.

தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) நவராத்திரி விழாவும் அங்கே சென்றது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் அரண்மனையில் உடைவாள் கைம்மாற்றப்பட, பத்மநாபபுரம் கலைமகளும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் புறப்படுவர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் அடைவர். விழா முடிந்து திரும்புவர். தெய்வம் திரும்பி வரும். ஒன்பது நாள் இசையோ அங்கேயே நின்றுவிடும். தக்கலையிலும் கல்குளத்திலும் வாழ்ந்தோர் வழியனுப்பவும் வரவேற்கவும் உரிமை பெற்றிருந்தனர். கேட்கும் வாய்ப்புப் பெற்றிலர்.

திருவனந்தபுரத்து மண்டபத்தில் இசை நிகழும் முறை தனித்தன்மை உடையது. மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்கு நிறைவுறும். முல்லைமூடு பாகவதர்கள் தோடயம் பாடித் தொடங்கி வைப்பர். ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கீர்த்தனை முதன்மையாக வகுக்கப்பட்டுள்ளது. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என்பன அவ்வொன்பது நாள்களின் இராகங்கள். கேட்போர் கைதட்டும் வழக்கம் அங்கில்லை. பாடுவோர் தெய்வத்தின் முன் பாடுகின்றனர். கேட்போர் மௌனமாக உடனிருக்கின்றனர். காலம் தவறாமை, பாடலின் ஒழுங்கு, ஆரவாரமற்ற கேள்வி ஆகிய மூன்றும் அம்மண்டபத்தின் இலக்கணம். இம்மூன்றும் பின்னாளில் வேறொரு நிறுவனத்தின் இலக்கணமாகவும் அமைந்தன. அந்நிறுவனமே வானொலி.

வானொலியின் வருகை

தமிழ் மண்ணில் ஒலிபரப்பு ஆர்வலர் முயற்சியாகவே தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகம் அவ்வாண்டு சூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927இல் அது நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்பிரல் முதல் ரிப்பன் கட்டடத்திலிருந்து மாலைதோறும் இசை வழங்கியது. வீட்டில் கருவி இல்லாதோரும் கேட்குமாறு மெரினாக் கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் நிறுவப்பட்டன. சபாவின் நுழைவுச் சீட்டோ செல்வர் வீட்டுத் திருமண அழைப்போ இன்றி எவரும் நல்லிசை கேட்க இயன்றது அப்போதுதான்.

அந்நாளில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927இல் நிலையங்கள் நிறுவிய இந்திய ஒலிபரப்புக் கழகம் மூன்றாண்டுகளில் நொடித்தது. 1930ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதிலும் வானொலி உரிமம் பெற்றிருந்தோர் 8,000க்கும் குறைவு. அரசு அதனை ஏற்று நடத்தியும் இழப்புத் தொடரவே, 1931இல் ஒலிபரப்பை நிறுத்திவிட முடிவு செய்தது. கருவி வைத்திருந்தோரும் விற்றோரும் வலுவாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் பயனாக அம்முடிவு கைவிடப்பட்டு, 1932இல் ஒலிபரப்பைத் தொடர்வதென அறுதியாயிற்று. இந்திய வானொலி இன்று இருப்பதற்கு அச்சில ஆயிரம் நேயர்களின் குரலும் ஒரு காரணம் என்பது மறக்கத்தக்கதன்று.

1936இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் வந்தது. 1938 சூன் 16 அன்று சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கின. தென்கோடியில் இருந்த நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் பகுதி. அவ்வரசு தனக்கெனத் திருவனந்தபுரத்தில் ஒரு நிலையத்தை 1943 மார்ச்சு 12 அன்று நிறுவியது. சித்திரைத் திருநாள் மன்னராகவும் சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாகவும் இருந்த காலம் அது. 1950 ஏப்பிரல் முதல் நாள் அந்நிலையம் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. திவானின் உறைவிடமாக இருந்த பக்தி விலாசம் பின்னர் வானொலி நிலையமாயிற்று. ஆள்வோர் மாளிகை ஒன்று பாடுவோர் மாளிகையான மாற்றம் அது.

எல்லை கடந்த அலை

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு இணைந்தன. பத்மநாபபுரம் ஊர் தமிழகத்திலும் அதன் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலும் அமைந்தன. நிலத்தில் கோடு விழுந்தது. வானலையில் கோடு விழவில்லை. திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மத்திய அலையில் அது கூப்பிடு தொலைவே.

திருவனந்தபுரம் நிலையம் நவராத்திரி மண்டபத்து இசையை நேரடியாக ஒலிபரப்பும் வழக்கத்தை மேற்கொண்டபோது, ஊரை விட்டுச் சென்ற இசை ஊருக்குத் திரும்பியது. தெய்வத்தை வழியனுப்பிய மக்கள், அத்தெய்வத்தின் முன் எழும் தோடியையும் பைரவியையும் தம் இல்லத் திண்ணையிலிருந்தே கேட்க இயன்றது. நூறாண்டுப் பிரிவை ஒரு வானொலிப் பெட்டி தீர்த்து வைத்தது எனலாம். 2006இல் பாறசாலை பொன்னம்மாள் அம்மண்டபத்தில் பாடிய முதற் பெண் பாடகர் ஆனார். நாஞ்சில் நாட்டை அடுத்துள்ள பாறசாலையின் பெயரைத் தாங்கிய அவ்வம்மையார், சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதற் பெண் மாணவி. மூன்று நாள் வழிநடந்து தெய்வத்தோடு சென்ற மரபும், நொடியில் வந்து சேர்ந்த அலையும் ஒரே விழாவின் இரு பாதைகள்.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கு 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையம் துணை நின்றது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் பண்பலையில் தொடங்கிற்று. மாநகர்களை விட்டு, நாட்டின் தென்கோடி மாவட்டம் ஒன்றில் அம்முயற்சி தொடங்கியது நாஞ்சில் நாட்டுக்குக் கிடைத்த சிறப்பாகும்.

நிலையம் நடந்த முறை

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசானுக்கும் இசையாசிரியனுக்கும் கவிஞனுக்கும் தண்ணுமையோனுக்கும் குழலோனுக்கும் யாழோனுக்கும் உரிய தகுதிகளைத் தனித்தனியே வகுக்கிறது. அரங்கம் ஒருவரால் ஆவதன்று, பலர் தத்தம் கடமையை வழுவாது செய்வதால் ஆவது என்பது அதன் உட்பொருள். வானொலி நிலையமும் அத்தகையதே. நிகழ்ச்சி அமைப்பாளர், அறிவிப்பாளர், பொறியாளர், பிடிலும் மிருதங்கமும் வாசிக்கும் நிலைய வித்துவான்கள், தம்புரா மீட்டுவோர் என இருந்தோரில் பலர் பெயர் ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை.

அந்நிலையங்களின் நடைமுறையில் நேயர்கள் பெரிதும் மதித்தவை நான்கு.

முதலாவது, காலந்தவறாமை. விடியலில் மங்கல இசை, மார்கழியில் திருப்பாவை, திருவெம்பாவை, தை மாதத்தில் திருவையாற்று ஆராதனையின் பஞ்சரத்தினம் என ஆண்டின் ஓட்டத்துக்கும் நாளின் ஓட்டத்துக்கும் இசை ஒரு நாழிகைவட்டில் ஆயிற்று. 1952 சூலை 20 அன்று தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி வாரந்தோறும் இரவில் நாடெங்கும் ஒரே நேரத்தில் ஒலித்தது. தில்லியில் இருப்பவரும் தக்கலையில் இருப்பவரும் ஒரே ஆலாபனையை ஒரே கணத்தில் கேட்டனர்.

இரண்டாவது, பெயர் சொல்லும் ஒழுக்கம். பாடலின் முதற்குறிப்பு, இராகம், தாளம், இயற்றியவர் என அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்வார். கச்சேரி மேடையில் பலரும் சொல்லாமல் விடும் செய்தி அது. இராகம் அறியாது கேட்கத் தொடங்கிய எளிய நேயர், பத்தாண்டுகளில் இரண்டொரு பிடிகளிலேயே இராகத்தைச் சொல்லும் வன்மை பெற்றதற்கு அவ்வறிவிப்பே ஆசான். இசைப்பயிற்சி நிகழ்ச்சி வீட்டிலிருந்தே பாடக் கற்பித்தது. 'வானொலி' என்னும் இதழோ வரவிருக்கும் நிகழ்ச்சிகளை முன்னரே அச்சிட்டு வழங்கியது. நேயர்கள் அதில் கோடிட்டுக் காத்திருந்தனர்.

மூன்றாவது, தேர்வுமுறை. 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேசுகர் காலத்தில் குரல் தேர்வு உறுதியாக நடைமுறைக்கு வந்தது. பி, உயர் பி, ஏ, உயர்நிலை எனக் கலைஞர்கள் தரம் பிரிக்கப்பட்டனர். பரிந்துரைக் கடிதத்தை நோக்காது பாட்டை நோக்குவது அதன் குறிக்கோள். செல்வமோ செல்வாக்கோ இல்லாத சிற்றூர்ப் பாடகர் ஒருவர், தேர்வில் வென்றால், ஆண்டில் சில முறையேனும் பல்லாயிரம் பேருக்குப் பாடவும் அதற்கு ஊதியம் பெறவும் இயன்றது.

நான்காவது, வித்துவான்களையே பொறுப்பில் அமர்த்தியது. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னையில் கருநாடக இசையின் தலைமை அமைப்பாளராக இருந்தார். ஜி.என். பாலசுப்பிரமணியம் அந்நிலையத்தில் பல ஆண்டுகள் இசைப் பொறுப்பு வகித்தார். இலக்கியப் பக்கத்தில் தி. ஜானகிராமனும் மீ.ப. சோமுவும் வானொலிப் பணியில் இருந்தவர்கள். 'மோகமுள்' எழுதிய கையும் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிய கையும் ஒன்றே என்பது எழுதுவோர்க்குப் பெருமை தரும் செய்தியன்றோ!

குறைகளும் வழக்குகளும்

வானொலி குற்றமற்றதாக இருந்ததில்லை. தேர்வுக் குழுவின் முன் நிற்பது தமக்கு இழுக்கு என முதிர்ந்த கலைஞர் பலர் சினந்தனர். திரைப்பாடல்களைக் கேசுகர் ஒதுக்கியபோது, நேயர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியது அவ்விழப்பை ஈடுசெய்யவே. நல்லதைக் கொடுத்தால் போதும், கேட்போர் விருப்பத்தை வினவ வேண்டா என்னும் மனப்பான்மை பயன் தராது என்பதை நிலையம் கற்ற பாடம் அது.

தமிழர்க்கு வேறொரு குறையும் இருந்தது. 1940களில் தமிழிசை இயக்கத்தார், தமிழ்நாட்டு நிலையங்களில் தமிழ்ப் பாடல்களுக்குரிய இடம் வேண்டும் என வலியுறுத்தினர். பாடுவோரைத் தடுக்க அவர்கள் எண்ணினாரல்லர். கேட்போரின் மொழிக்கு நீதி கேட்டனர். நேயர் என்பவர் நன்றி மட்டும் சொல்பவர் அல்லர், முறையீடும் செய்பவர் என்பதற்கு அவ்வியக்கம் சான்று.

நீலகண்டரின் பாடல் திரும்பிய விதம்

இவ்விரு நெறிகளும், பெயர் சொல்லும் ஒழுக்கமும் தமிழ்ப் பாடலுக்கான வேட்கையும், ஒன்றுகூடும் இடம் பத்மநாபபுரத்துக் கவிஞர் ஒருவரின் வரலாறு. நீலகண்ட சிவன் 1839இல் நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்தவர். பத்மநாபபுரத்தில் வாழ்ந்து, அங்குள்ள நீலகண்ட சுவாமியை உபாசித்தவர். எளிய தமிழில் உருக்கமான கீர்த்தனைகள் பல இயற்றி 1900இல் மறைந்தார். பின்னாளில் தமிழ்த் தியாகராசர் எனப் போற்றப்பெற்ற பாபநாசம் சிவன் (1890–1973) தம் இளமையில் திருவனந்தபுரத்தில் நீலகண்ட சிவனின் பசனை நெறியால் ஆட்கொள்ளப்பட்டவர்.

நீலகண்ட சிவனுக்கு அரசவைப் பதவி இல்லை. அவர் பாடல்களைப் பரப்ப இசைக் கல்லூரியும் அன்றில்லை. பசனைக் கூடங்களிலும் கோயில் வாயில்களிலும் அவை உயிர் வாழ்ந்தன. பிற்கால வித்துவான்கள் அவருடைய முகாரியையும் கரகரப்பிரியாவையும் பூர்விகல்யாணியையும் மேடைக்கும் வானொலிக்கும் கொண்டு வந்தனர். ஒவ்வொரு முறையும் அறிவிப்பாளர் 'இயற்றியவர் நீலகண்ட சிவன்' என்று சொன்னார். அச்சில் அவர் நூலைக் காணாதவரும் அவர் பெயரை அறிந்தது இவ்வாறே. மன்னரின் ஒன்பது கீர்த்தனைகளும் ஊர்ப் பசனைக்காரரின் தமிழ்ப் பாடல்களும் ஒரே அலையில், ஒரே மரியாதையுடன், அவை பிறந்த மண்ணுக்குத் திரும்பின. அரசவை செய்யாத சமன்மையைப் பொது வானொலி செய்தது. கவிஞர் ஒருவருக்கு இதனினும் பெரிய கொடை வேறென்ன?

நேயரின் கைம்மாறு

மண்டபத்தில் கைதட்டல் இல்லை என முன்னர்க் கண்டோம். நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திலும் கைதட்டல் இல்லை. பாடகர் முன் இருப்பது ஒலிவாங்கியும் சிவப்பு விளக்கும் மட்டுமே. பாடியது எவரையேனும் எட்டிற்றா என்பதை அறிய அவருக்கும் நிலையத்தாருக்கும் இருந்த ஒரே வழி அஞ்சலட்டை. இன்னார் பாடிய காம்போதி நிறைவாக இருந்தது, இன்ன பாடலின் இராகம் மாறி அறிவிக்கப்பட்டது, நேரம் போதாமல் பல்லவி அறுந்தது, மீண்டும் ஒலிபரப்புக என்று நேயர்கள் எழுதினர். நேயர் கடிதங்களைப் படித்து விடையிறுக்கவே நிகழ்ச்சிகள் இருந்தன. பாராட்டும் திருத்தமும் ஒரே அட்டையில் வந்தன. கட்டணம் செலுத்தி ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமத்தைப் புதுப்பித்த காலத்தில், நேயர் தம்மை நிலையத்தின் பங்காளியாகவே எண்ணினார். அவ்வுரிமமுறை 1980களில் நீங்கியது; பங்காளி என்னும் எண்ணமும் அதனோடு சிறிது தளர்ந்தது.

நேயர் செய்த மற்றொரு தொண்டு காத்துவைத்தல். தொடக்க கால நிகழ்ச்சிகள் பலவும் நேரடியாக ஒலித்து அப்போதே காற்றில் கலந்தன. ஒலிநாடா வந்த பின்னரும், விலை மிகுதியால் அழித்து எழுதுவது வழக்கமாயிருந்தது. பெருவித்துவான்களின் வானொலிக் கச்சேரிகள் பல இன்று கேட்கக் கிடைப்பதற்கு, தம் வீட்டுப் பதிவுக் கருவியை வானொலிப் பெட்டியருகே வைத்துக் காத்திருந்த சுவைஞர்களே காரணம். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதிக் காத்த பழந்தமிழ்க் குடும்பங்களோடு அவர்களை ஒப்பிடுதல் மிகையாகாது.

இத்தகைய பற்று தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1946இல் பி.பி.சி. தொடங்கிய 'மூன்றாம் நிகழ்ச்சி' உயர்ந்த இசைக்கும் இலக்கியத்துக்கும் உரியது. 1957இல் அதன் நேரத்தைக் குறைக்க முற்பட்டபோது, அதனைக் காக்க ஒரு கழகமே எழுந்தது. கவிஞர் டி.எஸ். எலியட்டும் இசையமைப்பாளர் வான் வில்லியம்சும் அதில் முன்னின்றனர். நேரக்குறைப்பை முழுவதும் தடுக்க அவர்களால் இயலவில்லை. எனினும் ஒரு நிலையத்துக்காகக் கவிஞர் எழுந்து பேசினார் என்பது வரலாற்றில் நின்றது.

இன்றைய நிலை

1997இல் பிரசார் பாரதி அமைந்து வானொலி தன்னாட்சி பெற்றது. 2004இல் பெங்களூரில் 'அமிர்தவர்ஷினி' என்னும் செவ்விசைப் பண்பலை தொடங்கிற்று. 2016 சனவரி 26 முதல் 'ராகம்' என்னும் அலைவரிசை நாள் முழுதும் செவ்விசை வழங்குகிறது. கைப்பேசியிலும் அதனைக் கேட்கலாம். கருவி பெருகிற்று, ஆனால் ஓய்வு பெற்ற நிலைய வித்துவான்களின் இடங்கள் பல நிரப்பப்படாமலே போயின. இசையைப் பெட்டகத்திலிருந்து எடுத்து ஒலிபரப்புதல் எளிது. புதிய கலைஞரைத் தேர்ந்து, பக்கவாத்தியம் அமர்த்தி, பெயர் சொல்லி அரங்கேற்றுவதே நிலையத்தின் கடமை. பின்னது நின்றால் முன்னதும் ஒரு நாள் வற்றும்.

இங்கே கவிஞர்க்கும் இலக்கியக் கழகத்தார்க்கும் ஒரு பணி உண்டு. 1931இல் மூடவிருந்த வானொலியைத் திறந்து வைத்தது நேயரின் எதிர்ப்பு. தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டது நேயரின் முறையீடு. காற்றில் கலந்த இசையைக் காத்தது நேயரின் உழைப்பு. நன்றாக நடந்த நிகழ்ச்சிக்கு நன்று என எழுதுவதும், குறைந்துவரும் நிகழ்ச்சியைக் குறித்துக் கேள்வி எழுப்புவதும் அவ்வரிசையில் வருவன. நிலையத்து மேசைக்கு வந்து சேரும் மடல்களே, அந்நிகழ்ச்சி வேண்டும் என்பதற்கு அதிகாரிகளிடம் காட்டத்தக்க சான்றாகும்.

பத்மநாபபுரத்துக் கல்மண்டபம் இன்று பார்வையாளர் கண்டு செல்லும் இடம். அங்கே விழாக்காலக் கச்சேரி இல்லை. ஆயினும் புரட்டாசியில் கலைமகள் ஊர்வலம் புறப்பட்ட பின், மாலை ஆறு மணிக்கு வானொலியைத் திறக்கும் இல்லம் எதுவோ, அதுவே அவ்வூரின் நவராத்திரி மண்டபம். அம்மண்டபம் நிலைக்க வேண்டுமாயின் பாடுவோரும் வேண்டும், நிலையமும் வேண்டும். இவ்விரண்டுக்கும் முன்னதாக, கேட்டதை வாய்திறந்து சொல்லும் நேயர் வேண்டும்.